அமிலமும் காரமும் நம் வாழ்வும்

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவையொட்டிக் கொல்லிமலையில் நடைபெற்ற இளைஞர் பயிற்சி முகாமில், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நேற்று மாலை இங்கு வந்து சேர்ந்தோம். அறப்பளீசுவரரைப் பற்றியோ ஆகாய கங்கையைப் பற்றியோ பேசச் சொல்லியிருந்தால் உங்களுக்கு இன்பமாக இருந்திருக்கும். கழகச் செயலாளர் எனக்குப் பணித்த பொருளோ அமிலமும் காரமும்! பள்ளியில் பாடமாகப் படித்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிட்ட பொருள். ஆயினும் நம் அடுப்படியிலும், வயலிலும், நம் முன்னோர் வயிறு வளர்த்த தொழில்களிலும், நம்மவர் சிலருடைய மரணத்திலும் இப்பொருள் இருக்கின்றது. அதனைச் சிறிது விளக்கிச் சொல்லவே உங்கள்முன் நிற்கின்றேன்.

முதலில் எளியதிலிருந்து தொடங்குவோம். எலுமிச்சை, புளி, தயிர் ஆகியவை புளிப்பவை. அப்புளிப்புக்குக் காரணம் அவற்றில் உள்ள அமிலங்கள். சுண்ணாம்பு, சாம்பல், வண்ணார் பெருமக்கள் துணி வெளுக்கப் பயன்படுத்திய உவர்மண், சவுக்காரம் ஆகியவை காரத்தன்மை உடையவை. தண்ணீரில் கரைந்தால் விரலுக்கு வழவழப்பாகத் தோன்றும். மிளகாயின் காரத்திற்கும் இந்தக் காரத்திற்கும் தொடர்பில்லை. பெயர் மட்டுமே ஒன்று. நாக்கில் வைத்தும் விரலால் தொட்டும் அறிவது வீட்டுப் பொருள்களுக்கே பொருந்தும். ஆய்வுக்கூடத்துப் புட்டிகளில் ஒருபோதும் அதனைச் செய்யலாகாது.

பின் எவ்வாறு அறிவது? லிட்மஸ் தாள் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. நம் தாய்மார்கள் ஆரத்தி எடுக்கும்போது மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்க்கின்றார்கள். மஞ்சள் நிறம் மறைந்து குருதிச் சிவப்பாகின்றது. மஞ்சளில் உள்ள சாயப்பொருள் காரத்தைக் கண்டால் சிவக்கும் இயல்புடையது. அந்தச் சிவந்த நீரில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பாருங்கள், மீண்டும் மஞ்சளாகும். வெள்ளை வேட்டியில் பட்ட குழம்புக் கறை, சவுக்காரம் தேய்த்தவுடன் சிவப்பதையும், அலசியபின் பழைய நிறத்திற்கு மீள்வதையும் துவைத்தவர்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். அதுவும் இதே வினைதான். வேலியில் படரும் நீலச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் கிடைக்கும் நீல நீர், அமிலத்தில் ஊதா கலந்த சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும். ஒரு காசு செலவில்லாத ஆய்வுக்கூடம் நம் வேலியிலேயே இருக்கின்றது.

இவ்வாறு நிகழ்வது ஏன்? இக்கேள்விக்குத் தெளிவான விடை கூறியவர் ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ஸ்வாந்தே அரீனியஸ் என்னும் அறிஞர். உப்பு, அமிலம், காரம் ஆகியவை நீரில் கரையும்போது மின்னூட்டம் பெற்ற நுண்துகள்களாக, அதாவது அயனிகளாகப் பிரிகின்றன என்பது அவர் கொள்கை. நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம். ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம். இக்கொள்கைக்கு வித்திட்ட ஆய்வேட்டை அவர் 1884ஆம் ஆண்டில் உப்சாலா பல்கலைக்கழகத்திற்கு அளித்தபோது, அங்கிருந்த பேராசிரியர்கள் அதற்குத் தாழ்ந்த தகுதியே வழங்கினர். அவரோ தளரவில்லை. 1903ஆம் ஆண்டில் அதே கொள்கைக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டதென்று படிப்பை விட்டுவிட எண்ணும் தம்பி தங்கையர் இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அமிலத்தின் வலிமையையும் காரத்தின் வலிமையையும் ஓர் அளவுகோலால் குறிக்கின்றோம். அதற்குப் பி.எச். என்று பெயர். கோபன்ஹேகன் நகரில் சோரன்சன் என்பவர் 1909இல் அதனை வகுத்தார். தூய நீரின் அளவு 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். எலுமிச்சைச் சாறு ஏறத்தாழ 2. தெளிந்த சுண்ணாம்பு நீர் 12க்கும் சற்று மேல். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு வேறுபாட்டைக் குறிக்கும். 6க்கும் 5க்கும் இடையே ஒன்றுதானே குறைவு என்று எண்ணலாகாது. அமிலத்தன்மை பத்து மடங்கு மிகுந்திருக்கின்றது. 6 என்பது 4 ஆனால் நூறு மடங்கு!

அமிலமும் காரமும் ஒன்றோடொன்று சேரும்போது இரண்டும் தம் கொடுமையை இழக்கின்றன. ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் இணைந்து தண்ணீராகின்றன, எஞ்சியவை சேர்ந்து உப்பாகின்றன, வெப்பம் வெளிப்படுகின்றது. இதுவே நடுநிலையாக்கல். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காஸ்டிக் சோடாவுடன் சரியான அளவில் சேர்த்தால் கிடைப்பது நாம் உண்ணும் சோற்றுப்பும் தண்ணீருமே. தனித்தனியே தோலைப் பொசுக்கும் இரண்டு பொருள்கள் கூடிக் குழம்பில் இடும் உப்பாவது வியப்பன்றோ!

இனி இந்த மலைக்கு வருவோம். உங்கள் காலடியில் உள்ள செம்மண்ணைப் பாருங்கள். வானத்திலிருந்து விழும் தூய மழைநீருங்கூட முற்றிலும் நடுநிலையானதன்று. காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வருவதால் அதன் அளவு ஏறத்தாழ 5.6 ஆகும். மிக மெலிந்த அமிலம்தான். ஆயினும் பல்லாயிரம் பல்லாயிரம் ஆண்டுகள் இம்மலைப் பாறைமீது பெய்து, பாறையிலிருந்த சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், மணற்சத்து ஆகியவற்றை மெல்ல மெல்லக் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. கரையாமல் எஞ்சியவை இரும்பும் அலுமினியமும் கலந்த சேர்மங்கள். அவ்வாறு உருவானதே இம்மலையின் உச்சிப் பகுதியில் கிடைக்கும் பாக்சைட் என்னும் தாது. மேட்டூரில் 1965ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய மதராஸ் அலுமினியம் கம்பெனி, சேர்வராயன் மலையிலிருந்தும் இக்கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட்டை வெட்டிக் கொண்டுசென்றது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் அந்த ஆலையில் அலுமினிய உற்பத்தி நின்றது.

செம்மண்ணிலிருந்து வெள்ளி போன்ற அலுமினியம் எவ்வாறு வந்தது? அங்கேயும் அமில காரச் செய்திதான். அலுமினியத்தின் ஹைட்ராக்சைடு இருதன்மை உடையது. அமிலத்தின் முன்னே காரமாக நடக்கும். வலிமை மிக்க காரத்தின் முன்னே அமிலமாக நடக்கும். ஆகவே பொடித்த பாக்சைட்டைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் அழுத்தத்துடன் வேகவைத்தால் அலுமினியச் சேர்மம் கரைந்துவிடும். இரும்புச் சேர்மம் கரையாமல் செஞ்சேறாக அடியில் தங்கும். தெளிந்த கரைசலைக் குளிரவைத்தால் அலுமினியம் ஹைட்ராக்சைடு வெண்பொடியாகப் படியும். அதனைச் சுட்டு அலுமினாவாக்கி, மின்சாரத்தால் உலோகமாகப் பிரிக்கின்றனர். ஆஸ்திரிய நாட்டு வேதியியலார் பேயர் 1880களின் இறுதியில் கண்ட முறை இது. ஏறத்தாழ நான்கு டன் பாக்சைட்டிலிருந்து ஒரு டன் அலுமினியம் கிடைக்கும். நாம் சோறு வடிக்கும் பாத்திரத்திற்குப் பின்னால் இத்தனை வினைகள் உள்ளன. நெஞ்செரிச்சலுக்கு மருத்துவர் தரும் மாத்திரைகள் சிலவற்றில் இருப்பதும் அதே அலுமினியம் ஹைட்ராக்சைடே. வயிற்றில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மிகும்போது அதனை அம்மாத்திரை நடுநிலையாக்குகின்றது.

அந்தச் செஞ்சேறு கடுமையான காரத்தன்மை உடையது. ஹங்கேரி நாட்டில் அய்கா என்னும் ஊரருகே 2010 அக்டோபர் 4ஆம் நாள், செஞ்சேற்றைத் தேக்கியிருந்த கரை உடைந்தது. சேறு ஊர்களுக்குள் புகுந்தது. பத்துப் பேர் மாண்டனர். பலருக்குத் தோல் வெந்தது. மார்சல் ஆற்றில் உயிரினங்கள் அழிந்தன. காரத்தைத் தணிக்க ஆற்றில் ஜிப்சத்தையும் அமிலத்தையும் கொட்டினார்கள். அமிலம் மட்டுமே பொசுக்கும், காரம் சாது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அவர்கள் இந்நிகழ்ச்சியை அறிந்துகொள்ள வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். காரம் கண்ணின் மென்மையான பகுதியைக் கரைத்துக்கொண்டு உள்ளே செல்லும் இயல்புடையது. சுண்ணாம்பு டப்பாவைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

உழவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. மழை மிகுந்த மலைகளின் செம்மண் பெரும்பாலும் அமிலச் சார்புடையது. மண்ணின் அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால், மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரைத் தாக்கும். பயிர் வளர்ச்சி குன்றும். அளவறிந்து சுண்ணாம்பு இட்டால் மண் திருந்தும். சமவெளியில் நம்மவர்க்குக் கிடைத்த நிலமோ பல ஊர்களில் களரும் உவருமே. அது காரத்தன்மை மிக்கது. அதற்குச் சுண்ணாம்பு இட்டால் நோய்க்கு நோயையே மருந்தாகக் கொடுத்தது போலாகும். களர் நிலத்திற்கு ஜிப்சம் இட்டு, நல்ல நீரைத் தேக்கி வடிக்க வேண்டும். எந்த மண்ணுக்கு எது என்பதை மண் பரிசோதனை நிலையத்தில் கேட்டறியுங்கள். பக்கத்து வயல்காரர் இட்டார் என்பதற்காக நாமும் இடலாகாது.

நண்பர்களே! இதுவரை கூறியது அனைவர்க்கும் பொதுவான அறிவியல். இனி நான் கூறப்போவது நமக்கு நெருக்கமானது.

என் தந்தையார் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவர். தோலிலுள்ள உரோமம் கழலச் சுண்ணாம்பு நீரிலும் சோடியம் சல்பைடிலும் ஊறவைப்பார்கள். பின்னர்ச் சுண்ணாம்பை அகற்றி, ஆவாரம்பட்டைச் சாற்றிலோ குரோமியம் உப்பிலோ பதப்படுத்துவார்கள். குரோமிய முறையில் அதற்கு முன் தோலை உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறவைப்பது வழக்கம். காரத்தில் தொடங்கி அமிலத்தில் முடியும் தொழில் அது. கட்டைவிரலால் தோலை அழுத்திப் பார்த்தே, ‘இன்னும் ஒரு பகல் ஊற வேண்டும்’ என்று என் தந்தையார் கூறிவிடுவார். எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குப் பட்டம் தரவில்லை. ஆயினும் அவர் கைகள் வேதியியல் கற்ற கைகள். விரல் இடுக்குகள் வெடித்து, நகங்கள் தேய்ந்து, சோற்றைப் பிசையும்போது எரிகின்றது என்பார். இழிதொழில் என்று ஊர் ஒதுக்கியது. அத்தோலால் செய்த செருப்பை மட்டும் அணிந்துகொண்டது.

ஒரு நாள் அத்தொழிற்சாலையின் கழிவுநீர்க் குழி அடைத்துக்கொண்டது. சுண்ணாம்புத் தொட்டியின் கழிவு தேங்கியிருந்த அக்குழிக்குள், அன்றே அமிலத் தொட்டியின் நீரையும் திறந்துவிட்டிருக்கின்றார்கள். அடைப்பை எடுக்க என் சித்தப்பா இறங்கினார். இரண்டாம் படியிலேயே சுருண்டு விழுந்தார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்தார். என் தந்தையாரும் இறங்க முற்பட்டபோது, முதியவர் ஒருவர் அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்து நிறுத்திவிட்டார். இல்லையேல் இன்று நான் உங்கள்முன் நின்று பேச வாய்த்திருக்காது. குழியில் இருந்த முனி அடித்துவிட்டது என்று ஊரார் பேசிக்கொண்டனர். நானும் அதனை நம்பினேன்.

ஆண்டுகள் சென்றன. கல்லூரியில் முதன்முறையாக உப்புப் பகுப்பாய்வு வகுப்புக்குச் சென்றேன். கிப் கருவி என்னும் கண்ணாடிக் கருவியில் இரும்பு சல்பைடுத் துண்டுகளின்மீது அமிலத்தை விட்டார் எங்கள் ஆசிரியர். அழுகிய முட்டை நாற்றத்துடன் வாயு எழுந்தது. அந்த நாற்றம் எனக்குப் புதியதன்று. வேலை முடிந்து வீடு திரும்பும் என் தந்தையாரின் சட்டையில் அது இருந்தது. ‘சல்பைடுடன் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வெளிப்படும், இது நச்சு வாயு’ என்று ஆசிரியர் கூறினார். நான் வெளியே வந்து தாழ்வாரத்தில் நெடுநேரம் நின்றேன். என் சித்தப்பாவைக் கொன்ற முனியின் பெயரை அன்றுதான் அறிந்தேன்.

அவ்வாயுவைப் பற்றி நீங்கள் அறிய வேண்டியது இது. சல்பைடு, காரத்தன்மை உள்ள நீரில் கரைந்து அடங்கிக் கிடக்கும். அமிலம் வந்து காரத்தை அழித்தவுடன் வாயுவாகி எழும். காற்றைவிடச் சற்றுக் கனமானதாகையால் குழியிலேயே தங்கும். குறைந்த அளவில் நாறும். அளவு மிகும்போது நம் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று எண்ணுவது மரணத்திற்கே வழி. சாக்கடைகளிலும் மலக்குழிகளிலும் அமிலம் ஊற்றாமலேயே நுண்ணுயிர்கள் இவ்வாயுவை உண்டாக்குகின்றன. விழுந்தவரை மீட்கக் காப்புக் கருவியின்றி இறங்கினால் இரண்டாவது உயிரும் போகும்.

இன்னொரு வாயுவும் உண்டு. கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகச் சேர்த்தால் குளோரின் வெளிப்படும். 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே முதல் உலகப் போரில் படைவீரர்கள்மீது ஏவப்பட்ட அதே வாயு! இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்புச் சுத்தம் என்று எண்ணி, காற்றோட்டமில்லாத அறையில் இவற்றைக் கலப்பவர்கள் இன்றும் உள்ளனர். மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் துப்புரவுப் பணி செய்யும் நம் தாய்மார்களுக்கு இதனை இன்றே சொல்லுங்கள்.

மனிதரைக் கழிவகற்றும் பணியில் அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம் 2013ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. கழிவுநீர்க் குழியில் இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27இல் ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. இவற்றை அறிந்திருத்தல் நம் கடமை. கேட்டுப் பெறுதல் நம் உரிமை. ஆயினும் சித்தப்பாவுக்குப் பதிலாக எந்தத் தொகையையும் எங்கள் பாட்டி விரும்பியிருக்க மாட்டார். இறங்கச் சொல்பவனிடம், ‘குழியில் என்ன வாயு இருக்கின்றது? அளந்து பார்த்தீர்களா? எந்திரம் எங்கே?’ என்று கேட்க ஒருவருக்கு அறிவும் வேண்டும், துணிவும் வேண்டும். நம்மவர்க்குத் துணிவில் குறைவில்லை. அறிவைச் சேர்ப்பதற்காகவே இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் உழைத்து வருகின்றது.

முடிக்குமுன் மனத்தில் இருத்த வேண்டிய சில விதிகளைக் கூறுகின்றேன். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். அடர்ந்த கந்தக அமிலத்தில் நீரை ஊற்றினால் பெருவெப்பம் எழுந்து, கொதித்து முகத்தில் தெறிக்கும். தோலிலோ கண்ணிலோ அமிலமோ காரமோ பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் செல்லுங்கள். அமிலம் பட்ட இடத்தில் காரத்தைத் தடவ வேண்டா. நடுநிலையாகும்போது எழும் வெப்பமே புண்ணை மிகுவிக்கும். தண்ணீர் குடிக்கும் புட்டியில் அமிலத்தை ஊற்றி வைக்காதீர்கள்.

இளைஞர்களே! ஊர் திரும்பியதும் ஒரு வேலை செய்யுங்கள். மஞ்சள் கரைசலில் தாளைத் தோய்த்து உலர்த்தி, சிறு துண்டுகளாக வெட்டி, தெருப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சவுக்காரம், சாம்பல், எலுமிச்சை ஆகியவற்றில் அவர்களே சோதித்துப் பார்க்கட்டும். ஒன்றைமட்டும் அவர்கள் கண்டுகொள்வார்கள். அத்தாள் யார் கையிலிருந்தாலும் சுண்ணாம்பில் சிவக்கும். பிடித்திருப்பவன் இன்னார் மகன் என்று பார்த்து அது நிறம் மாற்றிக் காட்டாது. அப்படிப்பட்ட அறிவை நாம் ஏன் பிறரிடம் விட்டுவைக்க வேண்டும்?

என் தந்தையாரின் கைகள் அறிந்திருந்ததை என் ஆசிரியர் எனக்குச் சொற்களில் தந்தார். நான் பெற்றதை இன்று உங்களிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி எந்தக் குழியின் விளிம்பிலும், இடுப்பைக் கட்டிப்பிடித்து நிறுத்தும் அந்த முதியவராக நீங்கள் நிற்க வேண்டும்.